சொந்த விமானத்துக்குப் பழைய ரோட்டரி இன்ஜின் வாங்கப் போகிறீர்களா? முதலில் பிரித்துப் பாருங்கள்

ஓடுகிற இன்ஜினின் வீடியோவைப் பார்த்து ரோட்டரி (மஸ்டா கார்களில் வந்த, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வாங்கெல் இன்ஜின்) வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓசூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இருக்கை விமானத்துக்கு முதலில் வாங்கிய இன்ஜின் அப்படி வந்ததுதான். வியாபாரி அனுப்பிய வீடியோவில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை, சத்தமும் சீராக இருந்தது. பட்டறையில் போட்டுப் பிரித்தபோது பின்பக்க இரும்புத் தட்டில் கூலன்ட் கசியாமல் அடைக்கும் ரப்பர் உட்காரும் பள்ளத்தின் சுவர் ஒரு விரல் நீளத்துக்குத் துருப்பிடித்துக் கரைந்து போயிருந்தது. அந்த இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஒரு நிமிடம் நன்றாகவே ஓடும், சூடாகி கூலன்ட்டில் அழுத்தம் ஏறிய பிறகுதான் தண்ணீர் உள்ளே கசிய ஆரம்பிக்கும். ஒரு நிமிட வீடியோவில் அது எப்படித் தெரியும்?

அதற்கப்புறம் நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: பழைய ரோட்டரியை "ஓடும் இன்ஜின்" என்று வாங்கக்கூடாது, உதிரிபாகமாக வாங்க வேண்டும். மூன்று இரும்புத் தட்டு, இரண்டு ரோட்டர் ஹவுசிங் (ரோட்டர் சுழலும் கூடு), இரண்டு ரோட்டர், ஒரு எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டர்கள் சுழற்றும் அச்சு). இந்த எட்டு உருப்படியும் நன்றாக இருந்தால் அது நல்ல இன்ஜின். சீல், ஸ்பிரிங், ரப்பர் எல்லாம் எப்படியும் புதிதாகத்தான் போடப் போகிறோம், அவை எந்த நிலையில் வந்தாலும் கவலை இல்லை.

விமானத்தில் ரோட்டரி போடுவது ஏதோ நமக்கு மட்டும் வந்த ஆசை என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் ஷ்லைஷர் நிறுவனத்தின் ஏஎஸ்ஹெச் 26 ஈ கிளைடரில் தானாக மேலெழும்ப இருப்பது வாங்கெல் இன்ஜின்தான். நமக்குப் பக்கத்திலேயே கோலார் ஓடுதளத்தில் 2009 மார்ச்சில் நிஷாந்த் ஆளில்லா விமானம் நம் நாட்டிலேயே செய்த 55 குதிரைத்திறன் வாங்கெல் இன்ஜினோடு பறந்தது.

இன்ஜினுக்கு முன்னால் ஒரு வேலை

விமானத்தின் வரைபடம் முடிவாகாமல் இன்ஜின் தேடக்கூடாது. எத்தனை குதிரைத்திறன் வேண்டும், மூக்கில் எவ்வளவு எடை தாங்கும், ரேடியேட்டர் எங்கே உட்காரும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் இன்ஜின். அதோடு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி. மும்பை காந்திவலியில் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய அமோல் யாதவுக்குப் பதிவு கிடைத்தது 2017இல், அதற்குள் அவர் பல ஆண்டுகள் அலைந்துவிட்டார். நீங்கள் கார் இன்ஜின் போடப் போகிறீர்கள் என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கட்டுகிற ஒவ்வொரு நாளும் போட்டோவும் குறிப்பேடும் வையுங்கள், பிற்பாடு யார் கேட்டாலும் காட்ட வேண்டியது அதுதான்.

இறக்குமதி இன்னொரு தலைவலி. மஸ்டா ரோட்டரி கார்களை இந்தியாவில் அந்த நிறுவனம் விற்றதில்லை, அதனால் இன்ஜின் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். பழைய பொருள் இறக்குமதிக்குத் தனி விதிகளும் அனுமதியும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

எந்த மாடல்

மஸ்டாவின் இரண்டு ரோட்டர் இன்ஜினான 13பி என்றுதான் தேட வேண்டும். ஒவ்வொரு ரோட்டருக்கும் 654 சிசி, இரண்டும் சேர்ந்து 1308 சிசி. பழைய 12ஏ 1146 சிசி. எடை பெரிதாகக் குறையாது, பாகம் கிடைப்பதும் கஷ்டம், விட்டுவிடுங்கள். மூன்று ரோட்டர் 20பி கேட்பதற்கு நன்றாக இருக்கும், ஆனால் யூனோஸ் காஸ்மோ காரில் மட்டும் வந்தது, விலையும் பாகமும் புதியவருக்கு ஏற்றதல்ல.

13பி-யிலேயே நான் கைகாட்டுவது 1989 முதல் 1991 வரை வந்த இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரின் டர்போ இல்லாத இன்ஜின். கம்ப்ரஷன் விகிதம் 9.7, காரில் 160 குதிரைத்திறன். அதே காரின் டர்போ இன்ஜினும் கெட்டதல்ல, ஆனால் டர்போ ஓடிய இன்ஜினில் முன்னாள் முதலாளி பூஸ்ட்டை (டர்போவின் காற்றழுத்தத்தை) ஏற்றி ஓட்டியிருப்பார் என்று எடுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். மூன்றாம் தலைமுறையின் இரட்டை டர்போ இன்ஜின் முதல் விமானத்துக்கு வேண்டாம், அதன் வேக்குவம் குழாய்களைப் புரிந்துகொள்ளவே ஒரு வருடம் போகும்.

ஆர்எக்ஸ்-8 காரின் ரெனசிஸ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2003இல் வந்தது, கம்ப்ரஷன் விகிதம் 10, எக்ஸாஸ்ட் வழி ஹவுசிங்கின் சுற்றில் இல்லாமல் பக்கத் தட்டிலேயே இருக்கிறது, அதனால் உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் புகையும் கலக்காது, பெட்ரோலும் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். வெளிநாட்டில் மலிவாகவும் கிடைக்கிறது. மலிவுக்குக் காரணம் உண்டு: கம்ப்ரஷன் போன இன்ஜின்கள் ஏராளம். அமெரிக்காவில் மஸ்டாவே இன்ஜினின் உள்பாகத்துக்கு 8 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டி வந்தது. நல்ல ரெனசிஸ் அருமையான இன்ஜின், ஆனால் பிரிக்காமல் அதன் ரோட்டர் முனைச் சீலை எட்டிப் பார்க்க வழியில்லை. பழைய 13பி-யில் வழி உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

இங்கே ஒரு கணக்கு போட்டுவிடுங்கள். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர். சித்திரை மதியம் 35 டிகிரி வெயிலில் அந்த ஓடுதளத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 1850 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல் இருக்கும். டர்போ இல்லாத 160 குதிரைத்திறன் இன்ஜின் அங்கே 130 பக்கம்தான் கொடுக்கும். தருமபுரி பக்கம் உயரம் குறைவு, வெயில் அதிகம். கடையில் சொல்லும் குதிரைத்திறனை நம்பி விமானத்தை எடை ஏற்றிக் கட்டிவிட்டு மதியத்தில் ஓடுதளத்தின் கடைசி வரை போய் நிற்கக்கூடாது.

கையால் சுற்றிப் பார்ப்பது

நேரில் போகிறீர்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துப்போக வேண்டியவை: 19 எம்எம் ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், டார்ச், பல் குத்தும் குச்சி போன்ற ஒரு மெல்லிய மரக்குச்சி, கம்ப்ரஷன் கேஜ். அவ்வளவுதான்.

ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடிக்கிறதா, மோர் நிறத்தில் நுரை இருக்கிறதா என்று. ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் மேல் எண்ணெய் படலம் மிதக்கிறதா, அல்லது துருத் தண்ணீர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். துருத் தண்ணீர் என்றால் எங்களுக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும். இன்ஜின் ஒரு தடவையாவது அதிகச் சூடானது என்று விற்பவரே சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அலுமினிய ஹவுசிங்கும் வார்ப்பு இரும்புத் தட்டும் மாறி மாறி அடுக்கி நீளமான போல்ட்டால் இறுக்கிய இன்ஜின் இது, சூடு எல்லை மீறினால் முதலில் போவது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்.

அடுத்தது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய 13பி-யில் எக்ஸாஸ்ட் துளை ஹவுசிங்கின் சுற்றுச் சுவரிலேயே இருப்பதால் உள்ளே நேராகத் தெரியும். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, முன்பக்க புல்லி போல்ட்டில் 19 ஸ்பேனர் போட்டு, முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் மெதுவாகச் சுற்றுங்கள். ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றினால்தான் ரோட்டர் ஒரு சுற்று சுற்றும், அதனால் பொறுமை வேண்டும். ரோட்டரின் முனை துளைக்கு நேராக வரும்போது நிறுத்தி, டார்ச் அடித்து, முனையில் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும் அபெக்ஸ் சீலை மரக்குச்சியால் அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்ப மேலே வந்தால் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. அசையாமல் இருந்தால் கரி பிடித்து ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் சில்லு போயிருந்தால் அந்தச் சில்லு எங்கே போனது, ஹவுசிங்கில் எங்கே கோடு கிழித்தது என்று தேட வேண்டும். ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று முனை, மொத்தம் ஆறு சீல், ஆறையும் பாருங்கள். இந்தப் பத்து நிமிட வேலைக்கு விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த இடத்தில் வாங்காதீர்கள்.

கம்ப்ரஷன்

சாதாரண இன்ஜினுக்குப் போடுகிற கேஜை அப்படியே போட்டால் முக்கோண ரோட்டரின் மூன்று முகத்தில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும், மற்ற இரண்டு முகம் செத்திருந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கென்று தனி டெஸ்டர் உண்டு, ஒவ்வொரு முகத்துக்கும் தனி எண் கொடுக்கும். அது இல்லையென்றால் கேஜில் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வைத் திறந்தே வைத்து, இக்னிஷனையும் பெட்ரோலையும் நிறுத்திவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து வைத்து ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். முள் மூன்று துள்ளலாகத் திரும்பத் திரும்பத் துள்ளும். மூன்றும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

எண்ணைப் பொறுத்தவரை, நிமிடத்துக்கு 250 சுற்றில் ரெனசிஸுக்கு மஸ்டா சொல்லும் குறைந்தபட்சம் சதுர சென்டிமீட்டருக்கு 6.9 கிலோ, ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 1.5 கிலோவைத் தாண்டக்கூடாது, இரண்டு ரோட்டருக்கும் இடையில் 1 கிலோவைத் தாண்டக்கூடாது. இரண்டாம் தலைமுறை 13பி-க்குக் குறைந்தபட்சம் 6 கிலோ. பேட்டரி இளைத்திருந்தால் சுற்று குறையும், எண்ணும் குறையும். ஓசூர் உயரத்தில் காற்றழுத்தமே பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் இங்கே எடுக்கும் எண்ணும் அதே அளவு குறையும், அதைப் பார்த்து நல்ல இன்ஜினை ஒதுக்கிவிடாதீர்கள்.

இதில் ஒரு ஏமாற்று வேலை நடக்கும். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டுச் சுற்றினால் செத்த சீலும் நல்ல கம்ப்ரஷன் காட்டும். அதனால் இன்ஜின் நன்றாகச் சூடேறி, எண்ணெயெல்லாம் எரிந்து போன பிறகு எடுக்கும் எண்ணை மட்டும் கணக்கில் வையுங்கள்.

பிரித்த பிறகு

வாங்கியாகிவிட்டது, இன்ஜின் பட்டறைக்கு வந்துவிட்டது. நன்றாக ஓடினாலும் பிரித்தே ஆக வேண்டும், விமானத்தில் ஓரமாக நிறுத்த இடம் கிடையாது.

ரோட்டர் ஹவுசிங்தான் அதிகம் ஏமாற்றும். அலுமினியத்துக்குள் எஃகுத் தகடு, அதன்மேல் குரோம் பூச்சு. எங்கள் இரண்டாவது இன்ஜினைப் பிரித்தபோது கண்ணாடிபோல் மின்னியது, எங்களுக்கெல்லாம் சந்தோஷம். பக்கத்து லேத் பட்டறை அண்ணன், முப்பது வருடம் டீசல் இன்ஜின் பார்த்தவர், ஒன்றும் பேசாமல் உள்ளே கையை விட்டு விரல் நகத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை இழுத்தார். பிளக் துளைக்குக் கொஞ்சம் கீழே நின்றார். "இங்க நகம் மாட்டுதுப்பா, பாரு" என்றார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அரிசி மணி அளவுக்குக் குரோம் உதிர்ந்த இடம். "இதை மாத்தணுமா அண்ணா?" என்று கேட்டேன். "தரையில ஓடுற வண்டின்னா ஓட்டிடலாம். நீ மேல போறவன்" என்றார். மாற்றினோம். ஓரத்தில், சீல் ஓடாத இடத்தில் பொடிசாக உதிர்ந்திருந்தால் கவலையில்லை. சீல் ஓடும் பாதையில் நகம் மாட்டினாலோ, துணி துவைக்கும் பலகைபோல் குறுக்குவாட்டில் அலை அலையாக இருந்தாலோ அந்த ஹவுசிங் வேண்டாம். அகலத்தையும் மைக்ரோமீட்டரில் நான்கைந்து இடத்தில் அளந்து பாருங்கள், 13பி-க்கு 80 எம்எம், இடத்துக்கு இடம் வித்தியாசம் 0.06 எம்எம்-க்குள் இருக்க வேண்டும்.

இரும்புத் தட்டில் இரண்டு அளவு. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்தால் வளைவு 0.04 எம்எம்-ஐத் தாண்டக்கூடாது. பக்கச் சீல் உரசிய இடத்தில் விழுந்திருக்கும் தேய்மானப் பள்ளம் 0.10 எம்எம்-ஐத் தாண்டக்கூடாது, இதற்கு டயல் கேஜ். கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறைக்குப் பஞ்சமில்லை, பாலிஷ் போட்ட கல்லின்மேல் தட்டை வைத்து ஆடுகிறதா என்று பார்த்தால் போதும் என்று ஒரு நண்பர் சொன்னார். போதாது. சமையல் மேடைக்குப் பாலிஷ் போட்ட கல் கண்ணுக்குத்தான் சமம், அளவுக்குச் சமமல்ல. ஓசூர் சிப்காட்டில் டூல் ரூம் வைத்திருக்கும் யாரையாவது கேட்டால் அளவெடுக்கும் சர்ஃபேஸ் பிளேட்டில் அரை மணி நேரம் இடம் கொடுப்பார்கள். 1986க்குப் பின் வந்த இன்ஜின்களில் கூலன்ட் ரப்பரின் பள்ளம் இந்தத் தட்டில்தான் இருக்கிறது. பித்தளைப் பிரஷ்ஷால் பள்ளத்தை முழுக்கச் சுத்தம் செய்து, அந்த மெல்லிய சுவரை முழுச் சுற்றும் விரலால் தடவிப் பாருங்கள். எங்கள் முதல் இன்ஜின் செத்தது அங்கேதான்.

ரோட்டரில் அடிபட்ட பள்ளம், பேரிங்கில் செம்பு நிறம் வெளியே தெரிவது, ஷாஃப்ட்டில் கோடு, இவை எந்த இன்ஜின் மெக்கானிக்குக்கும் பார்த்தால் தெரியும்.

இன்ஜினோடு கேட்டு வாங்க வேண்டியவை

ஆட்டோமேட்டிக் கியர் வண்டியிலிருந்து வந்த இன்ஜினாக இருந்தால் பின்பக்க கவுன்ட்டர்வெயிட்டையும் (ரோட்டரின் ஆட்டத்தைச் சமன் செய்யும் எடை) ஃபிளெக்ஸ் பிளேட்டையும் (அதில் பூட்டும் மெல்லிய தகடு) விடாதீர்கள், விமானத்துக்கு வேகம் குறைக்கும் கியர்பாக்ஸ் பொருத்த அது உதவும். ஆனால் கவுன்ட்டர்வெயிட் அந்த ரோட்டரின் எடைக்கேற்றது, ஒரு வருட மாடலின் ரோட்டருக்கு இன்னொரு வருட மாடலின் கவுன்ட்டர்வெயிட்டைப் போட்டால் இன்ஜின் நடுங்கியே உடையும். காரின் ஆயில் கூலரையும் வாங்குங்கள். இந்த இன்ஜினின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஆயில்தான் சுமக்கிறது, ரேடியேட்டரை மட்டும் பெரிதாக்கிப் பிரயோஜனமில்லை.

கியர்பாக்ஸ் இல்லாமல் முடியாது. 1.7 மீட்டர் புரொப்பெல்லரை 6000 சுற்றில் நேராகச் சுழற்றினால் அதன் நுனி நொடிக்கு 530 மீட்டர் வேகத்தில் போகும், ஒலியின் வேகமே 350தான். 2.17 விகிதக் கியர்பாக்ஸ் என்றால் இன்ஜின் 6000இல் புரொப்பெல்லர் 2765, 2.85 விகிதம் என்றால் இன்ஜின் 7500இல் 2630. எந்தப் பக்கம் சுழலும் என்பதைப் புரொப்பெல்லருக்குப் பணம் கட்டும் முன் உறுதி செய்யுங்கள். இன்ஜினுக்குக் கொடுத்ததைவிடக் கியர்பாக்ஸ், கூலிங், எக்ஸாஸ்ட், இரட்டை இக்னிஷன் இவற்றுக்கு அதிகம் செலவாகும், எனவே கையில் இருக்கும் பணத்தை எல்லாம் இன்ஜினில் போட்டுவிடாதீர்கள். எக்ஸாஸ்ட் புகையின் சூடு சாதாரண கார் இன்ஜினைவிட அதிகம், வழக்கமான சைலன்சர் தகடு உள்ளே கிழிந்து போகும்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. ரோட்டரிக்கு உயர் ஆக்டேன் தேவையில்லை, அது நமக்கு நல்லது. ஆனால் இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது, டேங்க்கின் ரெசினும் ரப்பர் குழாய்களும் அதற்குத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீல்களுக்கு எண்ணெய் கொடுக்கும் காரின் ஆயில் மீட்டரிங் பம்பைக் கழற்றினால் பெட்ரோலில் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லி வரை டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். ஒரு தடவை மறந்தால்கூட அபெக்ஸ் சீலுக்கு எண்ணெய் கிடையாது, அதனால் எங்கள் கேனில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கடைசியாக, வாங்கிய இன்ஜின் வீட்டுக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது. நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று கூலன்ட்டோடு வைத்தால் அந்த நாளை ஆறு மாதமாகும். கூலன்ட்டை முழுதாக வடித்து, பிளக் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, கையால் பத்து சுற்று சுற்றி, பிளக்கைத் திரும்பப் போட்டு, எக்ஸாஸ்ட், இன்டேக் துளைகளை மரக்கட்டையும் டேப்பும் வைத்து அடையுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை கால் சுற்று சுற்றி வையுங்கள், சீல் ஒரே இடத்தில் நின்று ஹவுசிங்கில் துருக்கோடு போடாமல் இருக்கும்.